முனி ஓட்டத்தில் எங்கள் வீடு

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, ஐந்து நிமிடப் பேச்சு ஒன்றுக்காகப் பத்து நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தேன். நாட்டார் வழக்காற்றியல் பாடத்துக்காக ஆளுக்கொரு நம்பிக்கையைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். இணையத்தில் கிடப்பதை எடுத்து ஒப்பிக்கக் கூடாது, சொந்த ஊரில் கண்டதைத்தான் சொல்ல வேண்டும் என்று பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குத் தலைப்பைப் போட ஆரம்பித்தார்கள். கொள்ளிவாய்ப் பிசாசு போய்விட்டது, மோகினி போய்விட்டது, கன்னிமாரும் போய்விட்டார்கள். நமக்கு ஒன்றும் மிஞ்சாதோ என்ற பதற்றத்தில் ‘முனி ஓட்டம்’ என்று தட்டி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் என் மூளை வேலை செய்யும். எப்போதும் அப்படித்தான்.

காவல் தெய்வமான முனி உச்சிவேளையில் தன் கோயிலிலிருந்து கிளம்பிக் கண்மாய்க்குப் போகிற வழிக்குத்தான் முனி ஓட்டம் என்று பெயர். முனிக்கு வளைந்து போகத் தெரியாது. குறுக்கே எது இருந்தாலும் நேராகத்தான் போகும். சாணார்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீடு அந்த வழியில்தான் இருக்கிறது. தெரிந்து கட்டினார்களா, தெரியாமல் கட்டினார்களா என்று கேட்டால், அப்பா செத்துப்போனவர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். தலைவாசலும் கொல்லைவாசலும் நேருக்கு நேர் இருக்கும். உச்சிவேளையில் இரண்டையும் திறந்துவைத்து, கூடத்தின் நடுவில் யாரும் உட்காராமல் சுவரோரம் ஒதுங்கிக்கொள்வோம். அந்த நேரத்தில் அங்கே பாய் விரிக்க மாட்டோம், சோற்றுத் தட்டு வைக்க மாட்டோம். எங்களுக்கு அது பயமே இல்லை. மின்வெட்டு மாதிரி, வரும், போகும்.

பயம் வேறு இடத்தில் இருந்தது. முனி ஓட்டத்து வீட்டில் பெண் எடுத்தால், அவள் பின்னாலேயே முனியும் வந்துவிடும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அக்காவுக்கு வந்த இரண்டு வரன்கள் அதனாலேயே தட்டிப்போயின. மூன்றாவதாக நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து வரன் வந்தபோது, முனி ஓட்டத்தைப் பற்றி அம்மா வாயே திறக்கவில்லை. அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று கொல்லைக்கதவைச் சாத்தி, அதை மறைத்துப் பீரோவை நிறுத்தினோம். அக்காவுக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அவளுக்குப் பூ வைத்து, கல்யாணத்தை உறுதி செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். என் பேச்சு அதற்கு முந்தைய வியாழக்கிழமை.

மாப்பிள்ளையின் தங்கை என் வகுப்பில்தான் படித்தாள். வாட்ஸ்அப்பில் என் தலைப்புக்கு முதலில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவள் அவள்தான். அதைப் பார்த்த பிறகுதான் என் மூளை வேலை செய்தது. ஓடிப்போய்த் தலைப்பை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். “பட்டியல் முடிஞ்சிருச்சும்மா, இனி மாத்த முடியாது” என்றார் பேராசிரியை.

அம்மாவிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. “பேசு, வேணாங்கல. எங்கிட்டோ ஒரு ஊர்ல ஒரு வீடுன்னு சொல்லிட்டு வந்துரு. நம்ம வீடுன்னு மட்டும் சொல்லிப்புடாத. ஒன் வாயால ஒங்கக்கா வாழ்க்கை போச்சுன்னு ஆயிரக்கூடாது” என்றாள்.

அக்கா நேர் எதிராகச் சொன்னாள். தோட்டத்தில் மோட்டார் ரூமுக்குப் பின்னால் அவளை உட்காரவைத்துத் தினமும் ஒத்திகை பார்ப்பேன். கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டே கேட்பாள். மூன்றாம் நாள் பாதியில் நிறுத்தினாள்.

“நம்ம வீடுன்னே சொல்லிருடி. அவரு தங்கச்சி போயி வீட்ல சொல்லட்டும்.”

“அம்மா கொன்னுபோடும்க்கா.”

“அம்மா என்னைய வாயத் தெறக்க விடாது. மறைச்சுக் கட்டிக்கிட்டுப் போனா, அங்க யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நாந்தான் கொண்டாந்தேம்பாங்க. ஆயுசுக்கும் பயந்துக்கிட்டே இருக்க முடியுமா? வேணாம்னா இப்பவே வேணாங்கட்டும். எனக்காக இத ஒண்ணு செய்யி.”

செய்கிறேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

அதற்குப் பிறகு என்னிடம் இரண்டு பேச்சுகள் இருந்தன. வீட்டுக்குள் அம்மாவின் பேச்சை மனப்பாடம் செய்தேன், தோட்டத்தில் அக்காவின் பேச்சை. திண்டுக்கல் போகிற பேருந்தில் இரண்டும் குழம்பி, எது எதில் வருகிறது என்றே தெரியாமல் போயிற்று. வியாழக்கிழமை காலையில் கஞ்சி கூட இறங்கவில்லை. உள்ளங்கை வியர்த்து, குறிப்புத் தாளில் மை கலைந்துவிட்டது.

என் முறை வந்தபோது மாப்பிள்ளையின் தங்கை பின்வரிசையிலிருந்து எழுந்து முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தாள். முனியைப் பற்றிச் சொன்னேன், கண்மாயைப் பற்றிச் சொன்னேன். அடுத்து வீட்டைச் சொல்ல வேண்டும். ‘எங்கள் வீடு’ என்பது தொண்டை வரை வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு வீடு இருக்கிறது” என்றேன்.

அதற்குப் பிறகு பேச்சு தண்ணீர் மாதிரி ஓடியது. பொய் சொன்னதும் பயம் விட்டுப்போனது எனக்கே அருவருப்பாக இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பேராசிரியை, நேரில் பார்த்த மாதிரியே இருந்தது என்று பாராட்டினார்.

வகுப்பு முடிந்ததும் தண்ணீர்க் குழாயருகே அவள் வந்து நின்றாள்.

“அது ஒங்க வீடுதான?”

நான் குழாயைத் திறந்து கை கழுவினேன்.

“பொண்ணு பாக்க வந்தப்பவே தெரியும். சாப்பாட்டுக்கு எலையெல்லாம் செவத்தோரமா ரெண்டு வரிசையாப் போட்டீங்க. நடுவுல மாட்டுவண்டியே போகலாம். எங்க சித்தப்பா வேர்க்குதுன்னு ஃபேனுக்கு அடியில உக்காரப் போனாரு. ஒங்க வீட்ல அம்புட்டு பேரும் ஒண்ணாக் கத்துனீங்க.”

கத்தினோம்தான். நானும் கத்தினேன். பீரோவைத் தள்ளி நிறுத்தத் தெரிந்த எங்களுக்கு, உச்சிவேளையில் ஒருவர் நடுக்கூடத்தில் உட்காருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை. அப்படிக் கத்தியது கூட அன்று எங்கள் யார் மனதிலும் பதியவில்லை.

“முனியப் பத்தி எங்கம்மாவுக்கு ஒண்ணுமில்ல. ஒளிச்சதுதான் கோவம். நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. சொல்லலைன்னா ஞாயித்துக்கெழம பூ வைக்கப் போக வேணாம்னு அண்ணங்கிட்ட சொல்லிட்டாங்க. நீ இன்னைக்குச் சொல்லிருவ, நான் போயி வீட்ல சமாளிச்சுக்கலாம்னுதான் முன்னாடி வந்து உக்காந்தேன்” என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீடு வந்து சேருகிறவரை பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினேன், நான் மாற்றிச் சொன்னதையும் சேர்த்து. அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா சட்டையை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். நேரில் போவதா, தரகரை அனுப்புவதா என்று இருவரும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டார்கள். அக்கா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் கையிலிருந்த கைபேசியை வாங்கி, மாப்பிள்ளையின் அம்மாவை அழைத்தாள்.

“அத்த, நாந்தான் பேசுறேன். எங்க வீடு முனி ஓட்டத்துல இருக்கு. அன்னைக்கு ஒளிச்சுட்டோம், தப்புதான். ஒங்களுக்குச் சம்மதமில்லைன்னா ஞாயித்துக்கெழம வர வேணாம்.”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அக்கா மூன்று முறை “சரிங்கத்த” என்றாள். பிறகு கைபேசியை என்னிடம் நீட்டினாள்.

“வாராங்களாம்” என்றாள்.

அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்பா யாருக்கும் கேட்காமல் ஏதோ சொன்னார். அக்கா மட்டும் சுவரில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“வாரேன்னு சொல்லிட்டாங்கள்ல, பெறகு ஏன்க்கா அழுகுற?” என்று கேட்டேன்.

“எனக்காக இத ஒரு வார்த்த சொல்ல, இந்த வீட்ல ஒருத்தருமே இல்லையேடி” என்றாள்.