நாய்க்குப் போட்ட பத்தியம்

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் நான் வேலை செய்த வீட்டுக்காரர்கள் மாற்றலாகிப் போகும்போது தங்கள் பொமரேனியனை என்னிடம் விட்டுப் போனார்கள். தொண்ணூறுகளின் கடைசி. புதுப்பட்டினத்தில் எங்கள் தெருவில் அதுவரை யாரும் நாயை வீட்டுக்குள் வைத்து வளர்த்ததில்லை. அது வந்த நாளிலிருந்து என் நிம்மதி போயிற்று. தும்மினால் பயம், தும்மாவிட்டாலும் பயம்.

அது நான்கு குட்டிகள் போட்டது. நான் ஏழாவதோடு பள்ளியை விட்டவள். எனக்குத் தெரிந்த பிள்ளைப்பேறு என்னுடையதுதான். அம்மா எனக்கு எதைப் போட்டாளோ அதையே அதற்கும் போட்டேன்: பூண்டு ரசம் விட்டுக் குழைத்த சோறு. மீன் கூடாது, முட்டை கூடாது, பால் குளிர்ச்சி. மூன்று வாரம். குட்டிகள் உருண்டு திரண்டன, தாய்க்கு விலா எலும்பு தெரிந்தது. பிள்ளை பெற்றவள் இளைப்பது சகஜம்தானே என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் காலையில் அதற்கு நடுக்கம் கண்டது. கால்கள் விறைத்தன, வாயில் எச்சில் ஒழுகியது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“யம்மா, வெறி புடிச்சிகீது. கொயந்தைங்க ஓடற தெரு இது. நீ கட்டையால போடறியா, நான் போடட்டா?”

“கடிக்கல அண்ணே, நடுங்கத்தான் செய்யுது.”

“கடிச்சப்புறம் இன்னா பண்றது? பத்து மணி வரிக்கும் பாப்பேன், அவ்ளோதான்.”

செங்கல்பட்டில் நாய் டாக்டர் இருப்பதாகக் கேள்வி. ஆனால் இதைப் பஸ்ஸில் யார் ஏற்றுவார்கள்? நடந்து போகும் தூரத்தில் இருந்தது மாட்டாஸ்பத்திரி. அங்கே நாயைப் பார்ப்பார்களா என்பதுகூடத் தெரியாது. பழைய புடவையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதி வழியில், குட்டிகள் அந்த மனிதர் எதிரில் தனியாகக் கிடப்பது உறைத்தது. திரும்பி ஓடி அவற்றையும் கூடையில் போட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் மாட்டைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் நின்றிருந்தாள்.

“இன்னாமே, கூடையோட நாய் யாவாரமா?” என்று சிரித்தவள், கிட்டே வந்து பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். “குட்டி போட்டு எத்தினி நாளு?”

“மூணு வாரம். வெறின்றாங்க அக்கா.”

“வெறியும் இல்ல, ஒண்ணியும் இல்ல. பால் காய்ச்சல். என் மாடு கன்னு போட்டுட்டு இப்டித்தான் நடுங்கிகினே வுழுந்துச்சி. டாக்டரு பாட்டில் ஏத்தினாரு, எழுந்து நின்னுகிச்சி.” உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “சார், என் மாடு நிக்கட்டும், இத்த மொதல்ல பாருங்க!”

டாக்டரும் அதையேதான் சொன்னார். கால் நரம்பில் கால்சியத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். ஏறி முடியும்போது நடுக்கம் அடங்கியிருந்தது.

“என்ன சாப்பாடு போடறீங்க?”

“பூண்டு ரசம் சோறு. பத்தியம், சார்.”

மாட்டுக்காரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. “நாலு குட்டிக்குப் பால் குடுக்குதும்மா. உடம்புல இருந்த சத்தெல்லாம் பால்லயே போயிடுச்சு. பூண்டு நாய்க்கு ஆகவே ஆகாது. முட்டை, ஈரல், முள்ளு எடுத்த மீன் குடுங்க, மாத்திரையும் எழுதித் தர்றேன். குட்டிங்களை இனி இதுகிட்ட விடாதீங்க. நடுக்கம் மறுபடி வரலாம்.”

“மறுபடியா சார்?”

“வந்தா உடனே தூக்கிட்டு வாங்க.”

வீட்டு வாசலில் எதிர்வீட்டுக்காரர் கட்டையோடு நின்றிருந்தார். அவர் எதிரிலேயே கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். வெறி பிடித்த நாய் தண்ணீரைத் தொடாது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. அது மளமளவென்று குடித்தது. அவர் கட்டையைச் சுவரில் சாய்த்தார். “சரி, கட்டிப் போட்டு வையி.”

குட்டிகளை அடுத்த அறையில் அடைத்து, மருந்து கொடுக்கும் ஃபில்லரால் பால் புகட்டினேன். அவை கத்தின. தாய் கதவைச் சுரண்டி ஓய்ந்து தூங்கியது. தூக்கத்தில் அதன் கால் இழுத்துக்கொண்டது. கனவா, நடுக்கமா? எழுப்பிப் பார்த்தேன். கனவு. மறுபடி இழுத்தது, மறுபடி எழுப்பினேன். நாலைந்து தடவைக்குப் பிறகு அதற்கே சலித்துப்போய்க் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நான் தரையில் குப்புறப் படுத்து, தலையை உள்ளே விட்டு, அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.