சுவாமி இல்லாத பங்கு

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு நோரீன் ஒரு பழைய வரைபடத்தைக் கொண்டுவந்து என் குசினி மேசையில் விரித்தாள். எண்பது வயது அயர்லாந்துக்காரி.

"மேரி, இதுதான் என்ர அம்மா பிறந்த பாரிஷ்."

அவள் பேசியது இங்கிலீஷ். என் காதில் விழுவது எப்போதும் இப்படித்தான்.

பாரிஷ் என்றால் பங்கு: ஒரு தேவாலயம், அதைச் சுற்றிய ஊர்கள், நாங்கள் சுவாமி என்று கூப்பிடும் ஒரு பாதிரியார். மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றவளுக்கு இது தெரியாதா?

"உன்ர பங்குச் சுவாமி ஆர்?" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். "இதுக்குச் சுவாமியும் இல்லை, பூசையும் இல்லையடி. காணி பிரிக்க அரசாங்கம் வச்ச பங்கு!"

சுவாமி இல்லாத பங்கா... உலகத்தில் எத்தனை விதம்!

மேற்கே ஆறு, கரையில் இடிந்த கோயில். நடுவில் சேற்று நிலம். கிழக்கே மலைச்சரிவு. பஞ்சகாலத்தில் நிறையச் சனம் கப்பலேறிய இடமாம். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பங்குக்குள் 'கில்மோர்' என்று இரண்டு குறிச்சிகள் – ஒன்று கோயிலடியில், மற்றது சரிவில். அம்மா பிறந்தது எதில்? அந்த வெள்ளிக்கிழமை அவள் மகன் அங்கே கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவள் முழங்காலுக்கு ஒரு இடத்தில்தான் இறங்கி நடக்க முடியும். இன்னொரு பயணம் வாய்க்குமென்று அவளே நம்பவில்லை.

என் மருமகள் போனில் தேடினாள். "கில் எண்டால் கோயிலாம். கோயிலடிதான் மாமி, அலுவல் முடிஞ்சுது."

எனக்கு மனம் ஒப்பவில்லை. "எழுதினதை விடு. நோரீன், கொம்மா எப்பிடிச் சொல்லுவா? வாயால சொல்லு."

அவள் கண்ணை மூடினாள். "குயில்... குயில்வோர்."

"கேட்டியா பிள்ளை? கில் இல்லை, குயில்!"

"ஓம் மாமி, அயர்லாந்தில குயில் கூவுது..." என்று நக்கலடித்தபடியே தேடியவள், சட்டென்று போனில் இருந்ததை உரக்க வாசித்தாள்.

அவர்கள் பாஷையில் கில் என்றால் கோயில். குயில் என்றால் காடு! வரைபடம் கீற வந்த இங்கிலீஷ் துரைமார் இரண்டையும் ஒன்றாகவே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வோர் என்றால் பெரியதாம். பெருங்காடு. அப்படியானால் சரிவுதான்!

நேற்று நோரீன் அங்கிருந்து வீடியோவில் வந்தாள். காடு எப்போதோ வெட்டுப்பட்டுவிட்டது. புல், செம்மறி ஆடுகள், ஒரு இடிந்த சுவர். ஆனால் அம்மாவின் குடும்பப் பெயரைச் சொன்னதுமே, வேலியோரம் நின்ற ஒருவர் அந்தச் சுவரைக் கைகாட்டினாராம்.

"மேரி, அந்த மனுசனும் குயில் எண்டுதான் சொல்லுது! சுவருக்குப் பின்னால ஓக் கன்று நட்டிருக்கினம், பார்!"

பார்த்தேன். முழங்கால் உயரம்கூட இல்லை. இரண்டு பேரும் அழுதோம்.

எனக்கு எழுத்து மட்டுமட்டுதான். துரைமாருக்கு எழுத்து நன்றாகத்தான் வந்திருக்கிறது... காதுதான் மந்தம்.