பெரியம்மாவுக்கு வெயில் ஆகாது

காப்பிக்கு அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே தட்டல் ஆரம்பித்துவிடும். சவரியம்மாள் இடுப்பை வளைத்துக் குனிந்து, வலது கை விரல் முட்டியால் அந்தப் பெரிய வாத்தியத்தின் விளிம்பைச் சுற்றித் தட்டிக்கொண்டே வருவார். பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பார்களே, அதே கவனம், அதே முகச்சுளிப்பு. 'டும்' என்று வந்தால் அடுத்த இடம். எங்காவது 'டப்' என்று செத்த சத்தம் கேட்டால் அங்கே பசை விட்டிருக்கிறது என்று பொருள். துணியில் குறி போடும் சாக்பீஸால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு கோடு போடுவார். அப்புறம்தான் காப்பி.

கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் இந்தச் சத்தத்தைக் கேட்டு மணி சொல்கிறவர்கள் உண்டு. சவரியம்மாளுக்குத் தொழில் தையல். பள்ளிச் சீருடை, ரவிக்கை, திரைச்சீலை, எதுவும் தைப்பார். வருடத்துக்கு ஒருமுறை என் பேன்ட்டின் இடுப்பைப் பிரித்துவிடுகிறவரும் அவரே. "ஒங்களுக்கு வேண்டியது தையல் இல்ல சார், நடை" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். மஞ்சக்குப்பத்தில் இருக்கிற என் ஆபீசுக்கு நான் நடந்தே போகலாம் என்பது அவர் கட்சி. முன்னறையில் ஒரு பக்கம் தையல் மெஷின். எதிர்ப்பக்க மூலையில், ஆளைவிட உயரமாக, சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்பது டபுள் பேஸ். வயலின் சாதிதான், ஆனால் நின்றுகொண்டு கட்டிப்பிடித்து வாசிக்க வேண்டியது. நான்கு கம்பி. மேல்நாட்டு இசைக்குழுக்களில் கடைசி வரிசையில் நின்று அடித்தளம் போடுகிற வாத்தியம்.

அது அவரிடம் வந்த கதை அவருடைய குரலில் தொடங்குகிறது. சவரியம்மாளுக்குச் சின்ன வயதிலிருந்தே கட்டைக் குரல். மாதா கோயில் பாட்டுக்குழுவில் பெண்கள் வரிசையில் நின்று அவர் பாடினால், பின்னால் இருப்பவர்கள் எந்த ஆம்பிளை இங்கே வந்து நிற்கிறான் என்று எட்டிப் பார்ப்பார்களாம். 'மெதுவா பாடும்மா' என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் வாயை மட்டும் அசைக்கப் பழகிக்கொண்டார். அப்படியே இருபது வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. 2004-ல் கோயில் சாமான் அறையைச் சுத்தம் செய்யப் போனபோது, கிறிஸ்துமஸ் குடிலுக்கான மூங்கில்களுக்குப் பின்னால் இது நின்றுகொண்டிருந்தது. எப்போதோ இருந்த வெளிநாட்டுச் சாமியார் விட்டுப்போனது. இரண்டு கம்பி இல்லை. இருந்ததில் தடிமனான கம்பியை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"என் கொரல் மாதிரியே இருந்திச்சி சார். அத யாரும் மெதுவா பாடச் சொல்லல."

தூக்கிக்கொண்டு போக முடிந்தால் எடுத்துக்கொள் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். தூக்கி வந்தவர் கணவர் சின்னையன். துறைமுகத்துப் பக்கம் படகுப் பட்டறையில் பைபர் படகு கட்டுகிறவர். சுனாமிக்குப் பிறகு பைபர் படகுகள் பெருகியதிலிருந்து அவருக்கு ஓய்வு ஒழிச்சல் கிடையாது. பேச்சு குறைவு. மனைவி மேல் பிரியம் அதிகம், ஆனால் அதைச் சொல்லத் தெரியாது. எதையாவது செய்து கொடுத்துவிடுவார்.

கற்றுக்கொள்ள ஊரில் ஆள் இல்லை. சிதம்பரத்தில் தில்லையம்மாள் என்று ஒரு வயலின் வித்துவான், சவரியம்மாளிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர், அவர் வயதுக்காரர். டபுள் பேஸை அவர் அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஒருநாள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நம்ம வயலின்ல இருக்கறதுதான். இது அதோட பெரியம்மா" என்றார். பெயர் நிலைத்துவிட்டது. இரண்டு பெண்களும் சேர்ந்து, ஒருவர் தரையில் உட்கார்ந்து, ஒருவர் நின்று, தப்பும் தவறுமாகக் கண்டுபிடித்ததுதான் சவரியம்மாளின் வித்தை. சென்னையிலிருந்து வந்த ஒரு சிடி சந்தேகம் தீர்த்துவைத்தது. சந்தேகம் கிளப்பியும் விட்டது.

பெரியம்மாவை பஸ்ஸில் ஏற்ற முடியாது. அதனால் சின்னையன் அதன் கழுத்தளவுக்கு ஒரு சட்டம் இழைத்து, மீன்பிடி நரம்பை நான்கு வரிசை இழுத்துக் கட்டிக் கொடுத்தார். சனிக்கிழமைகளில் சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தச் சட்டத்தை மடியில் சாய்த்து, இடது கை விரல்களை ஏற்றி இறக்கிக்கொண்டே போவார். ஜன்னல் திரைக்கம்பி என்று நினைத்து விலை கேட்டவர்கள் இருக்கிறார்கள். இந்த வாத்தியத்தில் வீணைக்கு இருப்பதுபோல் மெட்டு கிடையாது. விரலை எங்கே வைப்பது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். முதலில் அடையாளத்துக்குக் கழுத்தில் தையல் நூல் கட்டி வைத்திருந்தார். காது தெளியத் தெளிய ஒவ்வொரு நூலாக அவிழ்த்தார். கடைசி நூலை அவிழ்த்த அன்று தெருவுக்கே கேசரி வந்தது. விரல் நுனிகள் அதற்குள் காய்த்துப்போய்விட்டன. ஊசி குத்தினாலும் தெரிவதில்லை, தொழிலுக்கு ஒருவகையில் சௌகரியம்தான் என்பார்.

ஞாயிறு பூசையில் அவர் வாசிப்பது காதுக்கு அதிகம் கேட்காது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உள்ளங்காலில் ஏறும். வில்லை இழுக்கும்போது அவர் உதடு அசைகிறது. இப்போது வெறும் அசைவு இல்லை, கூடவே பாடுகிறார். பக்கத்தில் நின்றால் கேட்கலாம். நான் போய் நின்றிருக்கிறேன்.

வாசிப்பதைவிடப் பராமரிப்பது பெரிய வேலை. ஐப்பசி கார்த்திகையில் மரம் ஊறி உப்பும். கத்திரி வெயிலில் வற்றிச் சுருங்கும். கம்பி நான்கையும் ஒரே சமயத்தில் தளர்த்தினால், உள்ளே மேல்பலகையைத் தாங்கி நிற்கிற சின்ன மரத்தூண் விழுந்துவிடும். அதை எடுத்து நிறுத்த, வளைத்த சைக்கிள் போக்ஸ் கம்பியை மேல்பலகையில் இருக்கிற ஓட்டைக்குள் விட்டு அரைநாள் மல்லுக்கட்ட வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம் பசை. பலகையையும் பக்கச் சுவரையும் ஒட்டுவது வஜ்ஜிரம். தோலைக் காய்ச்சி எடுக்கிற பழைய தச்சர் பசை, வெந்நீரில் வைத்து உருக்குவது. அதையும் தண்ணீர் விட்டு இளக்கித்தான் போட வேண்டும் என்று தில்லையம்மாள் தலையில் அடித்துச் சொல்லியிருந்தார். வெயிலில் மரம் சுருங்கும்போது ஒட்டு விட்டுக்கொடுக்க வேண்டும். ஒட்டு பிடிவாதமாக நின்றால் பலகை வெடிக்கும். ஒட்டு விட்டதை ஒரு மத்தியானத்தில் சரிசெய்யலாம், பலகை வெடித்தால் குரல் போச்சு. அதனால் வெயில் காலத்தில் ஓரம் திறந்துகொண்டால் சவரியம்மாள் பதறுவதே இல்லை. சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு மழைக்குக் காத்திருப்பார்.

இதைக் கணவரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. 2010 மே மாதம், தில்லையம்மாள் வீட்டுக் கல்யாணத் தையலுக்காக ஒரு வாரம் சிதம்பரத்தில் தங்கினார். வீட்டில் தனியாக இருந்த சின்னையனின் கண்ணில் அந்தக் கோடுகளும், கோடு போட்ட இடங்களில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளியும் பட்டன. பாவம், மனைவி குறித்து வைத்துக்கொண்டு செய்ய ஆளில்லாமல் தவிக்கிறாள் என்று நினைத்துவிட்டார். பட்டறையிலிருந்து படகுக்கு அடிக்கும், காய்ந்தால் கல்லாக இறுகுகிற ரெசினைக் கொண்டுவந்து, சுற்றிலும் ஓர் அங்குலம் விடாமல் உள்ளே இறக்கி, காயவிட்டு, மேலே இன்னொரு பூச்சும் பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று வைத்திருந்தார். சவரியம்மாள் வந்ததும் காட்டினார். அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டும் காட்டினார். என்னையும் கூப்பிட்டார். வேலை சுத்தம், சும்மா சொல்லக்கூடாது.

"இனிமே கடல்ல போட்டாலும் ஒரு சொட்டு தண்ணி பூராது சார்" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

சவரியம்மாள் விளிம்பைத் தட்டிப் பார்த்தார். எல்லா இடத்திலும் 'டும்'. நல்லா இருக்குதுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வருடம் மழை சீக்கிரம் வந்து காப்பாற்றியது. அடுத்த கோடைக்கு என் பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் விஷயம் தெரிந்தது. முன்னறை முழுக்க ஈரப் புடவை. பெரியம்மாவைச் சுற்றிக் கொடி கட்டி, நனைத்த புடவைகளைத் தொங்கவிட்டு, கீழே அகலமான அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர். சின்னையன் வேலைக்குப் போனதும் கட்டுவார், அவர் திரும்புவதற்கு முன் அவிழ்த்துவிடுவார். மரம் வற்றாமல் பார்த்துக்கொண்டால் பலகை பிழைக்கும் என்று கணக்கு. விளக்கம் கேட்டதும் முழுவதையும் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. இதைத் தியாகம் என்று யாராவது எழுதினால் எழுதட்டும், எனக்கு அது முட்டாள்தனமாகப் பட்டது. ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன என்றேன்.

"அவுரு எனக்குன்னு ஆச ஆசையா செஞ்சது சார். அவுரு கண்ணு முன்னாடி அத எப்பிடி சொரண்டறது?"

"வெடிச்சிடுச்சின்னா?"

சவரியம்மாள் என் பேன்ட்டை வாங்கி இடுப்பை அளந்தார். வழக்கமான கிண்டல்கூட வரவில்லை. அப்போதுதான் அவருக்கு எவ்வளவு பயம் என்று புரிந்தது.

கத்திரியின் உச்சத்தில் இரண்டு நாள் சவரியம்மாள் கோயில் வேலையாகப் போய்விட்டதால் ஈரப் புடவை தொங்கவில்லை. தைத்த பேன்ட்டை வாங்க நான் போய் உட்கார்ந்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமை, சின்னையனும் வீட்டில்தான். கொட்டைப்பாக்கு உடைப்பது போல் ஒரு சத்தம் மூலையிலிருந்து வந்தது. மேல்பலகையில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி. சின்னையன்தான் முதலில் ஓடினார். பார்த்த கையோடு பின்கட்டுக்குப் போய் ரெசின் டப்பாவுடன் வந்து நின்றார்.

"இங்கயும் வுட்டுக்கிச்சி சவரி. ஒரு கோட்டிங் குடுத்தா நின்னுரும்."

"வேணாங்க" என்று சவரியம்மாள் குறுக்கே நின்றார். "ஒட்டுனதாலதாங்க வெடிச்சிது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார், தில்லையம்மாள் சொன்னது, இளக்கிய பசை, ஈரப் புடவை எல்லாம். சின்னையன் தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். டப்பா மடியில் இருந்தது.

"ஒரு வருசமா தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"படவுல ஒட்டு தொறந்தா முழுவிடும். எனக்கு அது ஒண்ணுதான் தெரியும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நான் பேன்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரெசினை எடுக்கத் தெரிந்தவரும் அவர்தான். பட்டறைக்கு லீவு போட்டார். தேய்ப்புப் பெட்டிச் சூட்டில் இளக்கி, மெல்லிய கத்தியைச் செருகி, மரம் ஒரு பிசிறு போகாமல் சுரண்டி எடுத்தார். விளிம்பு முழுக்க விடுபட மழைக்காலம் வந்துவிட்டது. சிதம்பரத்திலிருந்து தில்லையம்மாள் அழைத்துவந்த வயலின் ஆசாரி வெடிப்புக்கு உள்ளிருந்து மரத்துண்டு வைத்து ஒட்டினார். விளிம்புக்கு வஜ்ஜிரம் காய்ச்சியது சின்னையன். இன்னும் கொஞ்சம் தண்ணீர், இன்னும் கொஞ்சம் என்று ஆசாரி சொல்லச் சொல்ல, அவர் சொட்டுச் சொட்டாக ஊற்றியதாக சவரியம்மாள் பிறகு சொன்னார். கிறிஸ்துமஸ் பூசைக்கு பெரியம்மா வந்துவிட்டது. குரலில் சின்னக் கரகரப்பு, சவரியம்மாளுக்கு அது பிடித்தும் போய்விட்டது. அதே வாரத்தில் 'தானே' புயல் அடித்து எங்கள் தெருவில் பாதி ஓடுகளைக் கொண்டுபோனபோது, சின்னையன் அதைத் தார்ப்பாயால் போர்த்தி, காற்று அடங்கும்வரை முதுகை அதற்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

ஆனாலும் அதைத் தொடுவதற்கு அவருக்குப் பயம். முன்னறையைக் கடக்கும்போது சற்று ஒதுங்கியே நடந்தார். சவரியம்மாள் காலையில் தட்ட ஆரம்பித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். இதெல்லாம் சவரியம்மாளை உறுத்தியது. அவருக்கு வாத்தியம் திரும்பிவிட்டது, மனிதர் இன்னும் திரும்பவில்லை.

இந்த மே மாதம், கத்திரி தொடங்கிய வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நெத்திலிக் குழம்பு. இரண்டாவது பிடி சோறு பிசையும்போது மூலையில் 'டிக்' என்று கேட்டது. சின்னையனின் கை இலையிலேயே நின்றுவிட்டது. போன வருடத்து முகம் அப்படியே திரும்பி வந்திருந்தது.

சவரியம்மாள் கரண்டியை வைத்துவிட்டுப் போனார். விளிம்பைச் சுற்றித் தட்டினார். டும், டும், டும். கீழ்ப்பக்கம், வலது ஓரத்தில், டப். பலகையில் கீறல் இல்லை, ஒட்டு மட்டும் விட்டிருந்தது. திரும்பி வந்து, கணவரின் இடது கையைப் பிடித்து எழுப்பி அழைத்துப்போனார். பட்டறை வேலையில் காய்த்த அவர் விரல்களை மடக்கி, முட்டியால் அந்த இடத்தில் ஒருமுறை தட்ட வைத்தார். இன்னொரு முறை சின்னையனே தட்டினார்.

சவரியம்மாள் மெஷின் மேலிருந்த சாக்பீஸை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.