தொடாமல் நின்ற நேரம்

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஓட்டு வீட்டின் கூரையோர மழைத்தண்ணீர்ப் பாத்தியில் இலை அடைத்துக்கொண்டால் ஆள் கூப்பிட மாட்டார். தானே ஏறுவார். அன்று ஏறியவர் பின்முற்றத்தில் விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டு டாக்டர் ஓடி வந்து நாடி பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு எழுந்து என் தோளைத் தொட்டார்.

"போயிட்டார். விழுந்து இறந்ததால ஸ்டேஷன்ல சொல்லியே ஆகணும். அவங்க வந்து பாக்கற வரைக்கும் நகத்தக்கூடாது, கழுவக்கூடாது, உடுப்பும் மாத்தக்கூடாது. ரத்தத்தக்கூடத் தொடைக்காதீங்க."

நான் போன் செய்தேன். அக்கா அழவில்லை. அத்தானின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மண்ணுக் காலோட அவிய வீட்டுக்குள்ள வந்ததே இல்ல, தம்பி. கால மட்டும் தொடச்சு விடட்டா?"

"வேண்டாம்க்கா."

செய்தி கேட்டுத் தக்கலையிலிருந்து அத்தானின் அண்ணன் காரில் வந்து சேர்ந்தார். அதுவரை போலீஸ் வரவில்லை. அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"நம்ம வீட்டுச் சாவுக்குப் போலீசு என்னத்துக்கு? எவனும் தள்ளியா விட்டான்? குளிப்பாட்டி உள்ள கெடத்துங்கல!"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"வேண்டாம் பெரியத்தான். ராத்திரி ரோட்டுல ஈ காக்கா இல்லேன்னாலும் செவப்பு வெளக்குக்கு ஸ்கூட்டர நிறுத்துற மனுசன். அவியள வச்சு நாம சட்டத்த மீற வேண்டாம்."

அவர் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார்.

அப்போதுதான் தூறல் விழுந்தது. நான் தார்ப்பாய் தேடி ஓடினேன். திரும்பி வந்தபோது அக்கா குடையை விரித்து, தன் புடவை நுனிகூட அத்தான் மேல் படாமல், அவர் முகத்துக்கு மேலே பிடித்து நின்றுகொண்டிருந்தாள். அவள் முதுகு நனைந்துகொண்டிருந்தது. நாங்கள் தார்ப்பாயை உயரமாகக் கட்டிய பிறகும் நகரவில்லை. மெல்ல அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். மோட்டார் போடவில்லை என்றாள். மத்தியானத்துக்கு வைத்த புளிக்கறியை என்ன செய்வது என்று கேட்டாள்.

வந்த எஸ்.ஐ. ஒரு இளம்பெண், மலையாளி. எங்களுக்காகப் பாதி தமிழில் பேசினார். வேடிக்கை பார்த்தவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். படம் எடுத்து, காயங்களைக் குறித்து, அக்காவிடம் வந்தார்.

"க்ஷமிக்கணும் சேச்சி, கேட்டே ஆகணும். வீட்டுல வழக்கு, சண்டை ஏதாவது உண்டா?"

"உண்டு. காலைலகூட. ஏறாதீங்கன்னேன், கேக்கல."

எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்தினார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் ஈரமான கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா அப்போதுதான் அழுதாள்.

மெடிக்கல் காலேஜில் பிரேதப் பரிசோதனை முடிந்து மறுநாள் அத்தான் வீட்டுக்கு வந்தார். அக்கா வெந்நீர் வைத்து அவர் கால்களைக் கழுவினாள். செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அத்தானின் அண்ணன்.

பதினாறு முடியும்வரை அவர் ஊருக்குப் போகவில்லை. தினமும் காலையில் அவரே காப்பி போட்டு அக்காவுக்குக் கொடுத்தார். சீனி கூடுதல் என்றாள் அக்கா. மறுநாளும் அப்படியேதான் போட்டார். அவளும் குடித்தாள்.