பாடு இல்லாத வீட்டுப் பெண்

ரோஷன் பீவி பழவேற்காடு பஜாரில் ஜவுளிக்கடை வீட்டுப் பெண். எங்கள் குப்பத்துச் செங்கல்வராயனைக் கட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கே ஊர் கூடி, ஏரியில் வலை போட அவனுக்கு இருந்த முறையைப் பிடுங்கிக்கொண்டது. அந்த முறையைத்தான் நாங்கள் பாடு என்போம். பாடு இல்லாதவன் வலை போட்டால் அறுத்துவிடுவார்கள். அவன் பொன்னேரியில் லாரிக்கு மூட்டை தூக்கப் போனான்.

இவள் சும்மா இருந்தாளா? பறி என்கிற ஓலைக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் தடவி இறால் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். கையால் பிடிக்கப் பாடு வேண்டாம். ஆம்பிளைகள் செய்யாத வேலை, அதனால் யாரும் தடுக்கவில்லை.

மகள் ஷஹானா அப்பனை நைனா என்பாள், அம்மாவை உம்மா என்பாள். பிளஸ் டூவில் நல்ல மார்க். மீன்வளக் கல்லூரியில் மீனவர் பிள்ளைகளுக்கென்று உள்ள இடத்துக்கு எழுதிப் போட்டிருந்தாள். அதற்கு மீனவர் வீட்டுப் பிள்ளை என்று சான்று வேண்டும். அன்று ராத்திரிக்குள் ஆன்லைனில் அனுப்பியாக வேண்டும். காலையிலிருந்து வாசலுக்கும் கரைக்கும் நடந்து நடந்து, பக்கத்து வீட்டுக்காரி என் உயிரை எடுத்தாள்.

விசாரிக்க அதிகாரி வந்தார். ஊர்த்தலைவர் கிருஷ்ணன் முந்திக்கொண்டார்.

"இவங்க வூட்டுக்குப் பாடு கெடையாது சார். அப்பன் மூட்டை தூக்குறான். ஆத்தா துலுக்கவூட்டுப் பொண்ணு. இது எப்டி சார் மீனவப் பொண்ணு ஆவும்?"

ஷஹானா முகம் செத்துப்போயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா தலைவரே, வாயில வந்தத பேசுற?"

"நீ சும்மா இரு பவுனம்மா!"

அதிகாரி கையமர்த்தினார். "ஜாதிய நான் கேக்கலீங்க. இந்த வீட்டுல யார் மீன் பிடிக்கிறாங்க, அத மட்டும் சொல்லுங்க."

தலைவர் வாயைத் திறப்பதற்குள் ரோஷன் கரையேறி வந்தாள். சொட்டச் சொட்ட ஈரப் புடவை, பறி நிறைய இறால். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. தினமும் கேட்பதையே கேட்டாள்.

"தலைவரே, உங்க வூட்டு எறாவ இங்கியே வாங்கிக்கிறியா, அண்ணிகிட்ட குடுத்துடட்டா?"

அடேயப்பா, தலைவர் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே! அதிகாரி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செங்கல்வராயன் வேலை முடிந்து வண்டியில் வந்ததும் சான்றை வாங்கிப் படித்தான். மறுபடியும் படித்தான். மீனவர் என்ற இடத்தில் ரோஷன் பீவி என்றிருந்தது. அவன் அப்பன், பாட்டன் எல்லாரும் இந்த ஏரியில் வலை போட்டவர்கள்.

"அப்போ நான் யாரு?" என்றான். குரல் உடைந்துவிட்டது. ரோஷன் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஷஹானாதான் அவன் கையிலிருந்து தாளை வாங்கினாள்.

"நீ என் நைனா. பிரவுசிங் சென்டர மூடிடுவான், வண்டிய எடு நைனா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.