ஊமைச் சத்தம்

காதுக்கு எட்டும் முன்பே முதுகுக்கு எட்டிவிடும் ஓசை அது. சுவரில் சாய்ந்தால் "ம்ம்ம்" என்று எலும்புக்குள் இறங்கும், அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி நடுங்கும். தொண்ணூறுகளின் கடைசியில், ஆரணியில் எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில் சித்தப்பா விசைத்தறிகள் போட்டிருந்தார். அம்மா அந்த ஓசைக்கு வைத்த பெயர் "ஊமைச் சத்தம்".

பட்டுத்தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சத்தம் புதிதா என்று நீங்கள் கேட்கலாம். அப்பாவின் கைத்தறி போடும் "டக்கு டக்கு" எங்கள் காதில் விழுவதே இல்லை, இதுவோ ஒரே சுருதியில் மண்டையைக் குடைந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த அக்கா அரையாண்டுத் தேர்வில் இயற்பியலில் தோற்றிருந்தாள். முழுத்தேர்விலும் தோற்றால் முள்ளிப்பட்டு மாப்பிள்ளைக்கு முடித்துவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். கல்லூரிக்குப் போக ஆசைப்பட்டவளுக்குச் சோறே இறங்கவில்லை.

சித்தப்பாவிடம் போய்ச் சத்தத்தைப் பற்றிச் சொன்ன அப்பாவுக்கு, "உனுக்குப் பொறாமண்ணே, ஊரே மெஷின் ஓட்டிகினு இருக்குது" என்ற பதில்தான் கிடைத்தது. அத்தோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

"உரலுக்குள்ள தலைய உட்டுட்டு உலக்கைக்குப் பயந்தா ஆவுமா" என்று புலம்பிய அம்மா, தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். பழைய பட்டுப்புடவைகளை ஷெட்டை ஒட்டிய சுவர் முழுக்கத் தொங்கவிட்டு, அக்காவை எதிர்ச்சுவர் மூலைக்கு அனுப்பினாள். இயந்திரத்தின் சடசடப்பு அடங்கியது. ஊமைச் சத்தம் மட்டும் முன்னைவிடப் பலமாக நின்றது. அக்கா புத்தகத்தை விட்டெறிந்து அழுதாள்.

அதை எடுக்கப் போன நான், அப்பா காபிக்கு எழுந்திருந்த நேரம் பார்த்து அறையின் நடுவில் அவர் உட்கார்ந்து நெய்யும் தறிப்பலகையில் உட்கார்ந்தேன். ஓசையைக் காணோம். மூலைக்குப் போனால் இருந்தது, பலகைக்கு வந்தால் இல்லை.

"அக்கா, இங்க வந்து உக்காரேன்."

"போடி, பேஜார் பண்ணாத."

ஆனாலும் வந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பிறகு அந்த இயற்பியல் புத்தகத்தை வெறி பிடித்தவள் போலப் புரட்டினாள். ஒலியின் வேகம் ஒன்றுதான், அதிர்வெண் குறையக் குறைய அலைநீளம் கூடும் என்று எனக்குப் படித்துக் காட்டினாள். சடசடப்பின் அலைகள் சாண் அளவு, துணிமடிப்பில் சிக்கிக்கொள்ளும்; ஊமைச் சத்தத்தின் ஓர் அலையோ எங்கள் அறையைப்போல் இரண்டு மடங்கு நீளம், அதற்குப் புடவை எந்த மூலைக்கு? சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் சுவரோரம் சேர்ந்து வலுக்கின்றன, நடு அறையில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அம்மா அவளைச் சரியாக அடி விழும் இடத்தில் உட்காரவைத்திருந்தாள்.

கல்யாண சீசன், கெடு வைத்த புடவை தறியில் பாதியில் நின்றது. காபியைக் குடித்துவிட்டு வந்த அப்பா, தன் இடத்தில் புத்தகத்தோடு இருந்தவளைச் சற்று நேரம் பார்த்தார். "படி" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசற்படிக்குப் போய்விட்டார்.

எங்கள் தெருவில் தறிக்கு விடுமுறையான அமாவாசை தவிர மற்ற நாளில் விளக்கு வைத்த பிறகும் தறி ஏன் ஓடுகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஓய்ந்தால்தான் கேட்பார்கள், ஏனென்றால் அது சாவுக்கு ஓய்வது. தெருவில் வந்துகொண்டிருந்த சித்தப்பா எங்கள் தறி ஓய்ந்திருப்பதைக் கண்டு ஓடிவந்தார்.

"அண்ணனுக்கு இன்னா ஆச்சி?"

படியில் முழுசாக உட்கார்ந்திருந்த அண்ணனைக் கண்டு திகைத்து உள்ளே வந்தவரிடம் அக்கா எழுந்திருக்காமலே சொன்னாள்: "அந்த மூலையில கொஞ்சம் உக்காருங்க சித்தப்பா."

உட்கார்ந்தார். சண்டை வரும் என்றுதான் நினைத்தேன்.

"மெஷின் பக்கத்துலயே கெடக்கறவன், எனக்கு இது ஒறைக்கவே இல்லடி" என்று எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் டம்ளர்களின் நடுக்கம் நின்றது. தேர்வு முடியும்வரை விளக்கு வைத்த பிறகு அந்த மோட்டார்கள் ஓடவில்லை.

முடிவு வந்த அன்று அக்கா நேராக ஷெட்டுக்குள் ஓடி, "பாஸ் ஆயிட்டேன்" என்று கத்தினாள். இரைச்சலில் சித்தப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, கையைக் காட்டி எல்லா மோட்டாரையும் நிறுத்தச் சொன்னார். அவை நின்றது தெரியாமல் அவள் இன்னும் கத்திக்கொண்டிருந்தாள், தெருவே கேட்டது.

சித்தப்பா இன்று இல்லை, ஷெட்டை இடித்து வாடகை வீடு கட்டியாகிவிட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் அக்கா அதிர்ந்து பேசாதவள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி, அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.