ரேகை போன கையும் ஜெப எண்ணெயும்

மூன்றாவது தடவையும் என் கட்டைவிரலை மிஷின் ஏற்கவில்லை. போன ஆனி மாதம் அது. விவசாயிகளுக்கு அரசாங்கம் போடும் உதவிப் பணம் ஊரில் எல்லாருக்கும் வந்தது, எனக்கு மட்டும் நின்றுவிட்டது. கெடு நாளுக்குள் கம்ப்யூட்டர் சென்டரில் கைரேகை வைக்காவிட்டால் பட்டியலிலிருந்தே பேர் போய்விடும் என்றார்கள்.

அந்தப் பணத்தில்தான் வேர்க்கடலை விதை வாங்குவேன். ஆடியில் விதைக்காவிட்டால் நிலம் குத்தகைக்கு வேறு கைக்குப் போய்விடும். மகன் அதைத்தான் சொன்னான்.

"உனக்கு இன்னாத்துக்குப்பா இந்த பேஜாரு? குத்தகைக்கு வுட்டுட்டு சும்மா குந்து."

அந்த அரை ஏக்கர் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில், தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில், இருபத்தாறு வருஷம் நின்றேன். அப்போது கையுறை ஏது? மேஸ்திரி ஒருத்தர் இருந்தார், பீடி பற்றவைக்கக்கூட குழியை விட்டு நகரமாட்டார். அவர் கதை இப்போது வேண்டாம். தோலில் இருந்த மயிரோடு என் ரேகையும் போனது. அந்தக் கூலியில் வாங்கிய நிலம் அது, சகோதரர்களே. பத்திரத்தில் வைத்த ரேகையே மங்கலாகத்தான் விழுந்தது.

மூன்றாவது தடவையும் மிஷின் ஏற்காத அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து அழுதேன். முழங்கால் போட்டேன். ஆண்டவரே, ரேகையைத் திருப்பிக் கொடும் என்று கேட்டேன். திங்கட்கிழமை காலை கிளம்பும்போது என் மனைவி சாராள், சபையில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெயைக் கட்டைவிரலில் அழுத்தித் தேய்த்தாள்.

"போய் வை. இந்த வாட்டி வுழும்."

அன்றுதான் கெடு நாள். முதல் பஸ்ஸைப் பிடித்தேன். சென்டரில் மேல்விஷாரத்துப் பெண் ஒருத்தி புதிதாக வந்திருந்தாள், நஸ்ரீன் என்று பேர். விரலை வைத்தேன். மிஷின் கண்ணாடியெல்லாம் எண்ணெய்.

"இன்னா தாத்தா, வடை துன்னுட்டு நேரா வந்துட்டியா?"

வரிசையே சிரித்தது. அவமானமாக இருந்தது. ஆனால் நான் நகரவில்லை.

"ஜெபம் பண்ண எண்ணெய்ம்மா."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். துணியெடுத்து மிஷினைத் துடைத்தாள். பிறகு என் கையைப் பிடித்து விரல் விரலாகத் துடைத்தாள். அதுவரை யாரும் என் கையைப் பார்த்ததில்லை, மிஷினைத்தான் பார்த்தார்கள். துடைத்தவள் கை பாதியில் நின்றது.

"தோல் ஷாப்பா தாத்தா?"

"சுண்ணாம்புக் குழிம்மா."

"எங்க அத்தாவுக்கும் இதே கைதான். இது ஜென்மத்துக்கும் வுழாது. அவருக்கு போன்ல மூஞ்சக் காட்டித்தான் முடிச்சேன். இரு."

போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"கண்ண மூடித் தொற."

மூடினேன். மூடியதும் பழக்கத்தில் ஜெபம் வந்துவிட்டது.

"தொற தாத்தா. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

திறந்தேன். ஆயிடுச்சு என்றாள்.

ஆடி பிறக்கும் முன்பே பணம் வந்தது. முதல் மழையில் விதைத்தேன். என் நிலத்தில் நான்தான் விதைத்தேன்.

நான் ரேகையைக் கேட்டேன். கர்த்தர் அதைத் தரவில்லை. ரேகையில்லாத கையை ஒருத்தி பிடித்துப் பார்க்கும்படி செய்தார். அதற்கு அந்த எண்ணெய் வேண்டியிருந்தது.

இப்போது திங்கட்கிழமைதோறும், குழியில் நின்ற ஆட்களில் யாராவது ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு அங்கே போகிறேன். மிஷின் ஏற்கவில்லை என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களே, எழுந்திருங்கள். ஜெபம் பண்ணிவிட்டு என்னோடு வாருங்கள். எண்ணெய் மட்டும் வேண்டாம். அந்தப் பெண் சொல்லச் சொன்னாள்.